கள்ளக்கடலும் எச்சரிக்கையின் மொழியும்

கடலின் சீற்றத்தை முன்னறிந்து கூறும் விஞ்ஞானம் நம் நாட்டில் அடைந்துள்ள வளர்ச்சி பெருமைப்படத்தக்கதே. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயலலை தனுஷ்கோடியை விழுங்கியபோது, பாம்பனிலிருந்து சென்ற ரயில் வண்டியில் இருந்தோர் அனைவரும் மாண்டனர். 1977 நவம்பரில் ஆந்திரத்தின் திவிசீமைப் பகுதியில் ஏறத்தாழ 10,000 பேர் உயிரிழந்தனர். 2013-இல் ஒடிசாவைப் ‘பைலின்’ புயல் தாக்கியபோதோ, சுமார் பத்து லட்சம் மக்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டமையால் உயிர்ச்சேதம் சில பத்துகளோடு நின்றது.

எனினும், புயல் இல்லாத நாளிலும் கடல் கரையேறுவதுண்டு என்பதை நம்மில் பலர் அறியோம். ஆரியசாலைக் கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் கலந்தே வழங்குகின்றன. அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் பூந்துறை, வலியதுறை முதலிய மீனவர் குடியிருப்புகளை அடையலாம். காற்றுமின்றி மழையுமின்றி, தெளிந்த வானத்தின் கீழ்த் திடீரெனப் பொங்கி வீடுகளுள் புகும் நீரை இக்கரையோர் ‘கள்ளக்கடல்’ என்பர். கள்வனைப் போல் அறிவிப்பின்றி வருவதால் அப்பெயர். மீனவர் வழக்கிலிருந்த இச்சொல்லையே 2012-இல் யுனெஸ்கோ நிறுவனமும் விஞ்ஞானக் கலைச்சொல்லாக ஏற்றுக்கொண்டது.

இதன் காரணம் வெகு தொலைவில் உள்ளது. புயலலையில், வாயு அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். அதனினும் மிகுதியாக, காற்று ஆழமற்ற கரைக்கடலில் நீரைக் கொண்டுவந்து குவிக்கும். கள்ளக்கடலிலோ, தென் இந்து சமுத்திரத்தின் கடும் புயல்கள் எழுப்பிய நெடிய அலைகளே இங்கு வந்து சேர்கின்றன. 18 வினாடிக்கு ஒருமுறை எழும் அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 500 மீட்டர். அத்தகைய அலைக்கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, 5,000 கிலோமீட்டரை நான்கு நாட்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் கடந்துவிடும். அது ஓதம் ஏறும் வேளையில் கரையை எட்டுமாயின் சேதம் பெருகும்.

அந்த நான்கு நாட்களே நமக்குக் கிடைத்த பெரும் பேறு. ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இவ்வலைகளைக் கணித்து எச்சரிக்கை வெளியிட்டு வருகிறது. வானத்தையும் காற்றையும் பார்த்துக் கடலை அறியும் மீனவரின் அனுபவ ஞானம் இங்கே பயன்படாது; ஏனெனில் வானத்தில் அறிகுறியே இல்லை. எச்சரிக்கை ஒன்றே அறிகுறி. ஆகவே அது எந்த மொழியில், எந்த வடிவில் மக்களை அடைகிறது என்பது விஞ்ஞானத்திற்குப் புறம்பான விஷயமன்று.

2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்துக் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். கள்ளக்கடல் பற்றிய எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியாகியிருந்தது. கணிப்பு பொய்க்கவில்லை; அது கரையில் நின்றோரின் நடத்தையை மாற்றும் அளவுக்குச் சென்று சேரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இத்தகைய எச்சரிக்கைகளில் அலையின் உயரம் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் என்றவாறு குறிக்கப்படுகிறது. இதைப் படிக்கும் சாமானியர், இடுப்பளவு அலைதானே என எண்ணுவது இயல்பு. அபாயம் உயரத்தில் மட்டுமன்று, நீளத்திலும் இருக்கிறது. ஆறு வினாடி அலையின் நீளம் 60 மீட்டரைக்கூட எட்டாது. அது கரையில் உடைந்து ஓய்ந்துவிடும். நெடிய அலையோ கரையை நெருங்க நெருங்க உயர்ந்து, மணற்பரப்பைக் கடந்து உள்ளே ஏறும். இவ்வேறுபாட்டை ‘மீட்டர்’ என்னும் சொல் ஒருபோதும் உணர்த்தாது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் என் கருத்து இது: ஆங்கில அறிக்கையைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்குவதால் எச்சரிக்கை தமிழில் வந்துவிட்டதாகாது. எந்தத் துறையில், எந்த நாள், எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை, நீர் எதுவரை ஏறக்கூடும் என்பதை அவ்வூரார் அறிந்த படகுத்துறை, கடல்சுவர், சாலை ஆகிய அடையாளங்களைக் கொண்டு கூற வேண்டும். ‘கள்ளக்கடல்’, ‘வேலியேற்றம்’ போன்ற கரைவழக்குச் சொற்களையே ஆள வேண்டும். நிகழ்ச்சி முடிந்தபின், கணித்தது என்ன, நடந்தது என்ன என்பதையும் அதே மக்களுக்கு அறிவிக்க வேண்டும்.

இவ்வளவு துல்லியமாகச் சொல்லிப் பின்னர் பொய்த்தால் மக்கள் நம்பிக்கை இழப்பார்களே என்ற ஆட்சேபம் எழலாம். அது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் கடலோடு வாழ்பவர் நிச்சயமின்மைக்குப் புதியவரல்லர். ‘நீர் சாலைவரை வரக்கூடும், வாராமலும் போகலாம்’ என்றால் அதன் பொருளை அவர்கள் நன்கு உணர்ந்துகொள்வர். நம்பிக்கையைக் குலைப்பது பிழையான கணிப்பைக் காட்டிலும், விளங்காத கணிப்பே ஆகும்.

மீனவர் அளித்த ஒரு சொல்லை விஞ்ஞானம் மனமுவந்து ஏற்றது. அச்சொல்லுக்குரிய அறிவை அவர்கள் மொழியிலேயே திருப்பித் தருவது நமது கடமையாகும்.