மிச்சம் யாருடைய பங்கு?

 

கிறிஸ்மஸ் அன்று எதிர்வீட்டு ஆன்டி எங்களுக்கு ஒரு முழு ரோஸ்ட் கோழி கொடுத்தனுப்பினார். அன்றைக்கு ரவாங்கில் எங்கள் வீட்டுக்கும் விருந்தாளிகள் வந்திருந்ததால், பாதிக் கோழி மிஞ்சி ஐஸ்பெட்டிக்குப் போனது. மறுநாள் எல்லாரும் சுடச்சுட மீ கோரேங் சாப்பிட்டோம். இரவு பதினோரு மணிக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். அடுப்படியில் அம்மா நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் ஆறிய சோறு, சூடுகூடப் பண்ணாத அந்தக் கோழி.

“ஏம்மா இதைப் போய் சாப்பிடுறீங்க?”

“நல்லாதானே இருக்கு. தூக்கிப் போட மனசு வரல. நீ போய்ப் படுமா, காலையில நாலு மணிக்கு எந்திரிக்கணும்ல.”

படுத்தேன், தூக்கம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், என் சின்ன வயதிலிருந்தே மிச்சம் எல்லாம் அம்மாவின் பங்குதான். தோட்டத்தில் வளர்ந்தவர் அவர். சம்பளம் போட்ட வாரம்தான் வீட்டில் இறைச்சி. அப்படி வளர்ந்தவருக்கு உணவை வீசக் கை வராது. எங்களுக்கோ பழையதைத் தொட மனம் வராது. இந்த இரண்டுக்கும் நடுவில், யாரும் சொல்லாமலே எல்லாம் அம்மா தட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

‘எச்சில்’ வேறு, ‘மிச்சம்’ வேறு என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். வாய் பட்டது எச்சில். சட்டியில் தங்கியது மிச்சம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. மலாக்கா உஜோங் பாசிர் போர்த்துகீசிய கிராமத்துக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். கிறிஸ்மஸ் விருந்தில் மிஞ்சிய இறைச்சியை மிளகாய், லெங்குவாஸ், கடுகு, வினிகர் சேர்த்து ‘காரி டெபால்’ ஆக்கிவிடுவார்கள். மிச்சத்தில் பிறந்த அந்தக் குழம்புதான் இன்று அவர்களின் பெருமை. வெள்ளைக்காரர் காலத்து இந்தியாவிலும், ஆறிப்போன ரோஸ்ட் இறைச்சியை வெங்காயம், மிளகாயோடு வதக்கி ‘ஜல்ஃப்ரேசி’ என்று மேசைக்கு அனுப்பினார்கள்.

நாமும் செய்யலாம். கடைக்கு ஓட வேண்டியதில்லை, அஞ்சறைப்பெட்டி போதும்.

எலும்பு நீக்கிப் பிய்த்த கோழி 300 கிராம் இருந்தால் மூன்று பேருக்குப் பிரட்டல் ஆகும். குவாலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, ஒரு துண்டு பட்டை, அரைத் தேக்கரண்டி சோம்பு, கறிவேப்பிலை போட்டுத் தாளியுங்கள். இரண்டு பெரிய வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, ஒரு தக்காளி சேருங்கள். பிறகு ஒரு மேசைக்கரண்டி இறைச்சி மசாலைத் தூள், கால் தேக்கரண்டி மஞ்சள், அரைக் கப் தண்ணீர். எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கொதிக்கட்டும். அவசரப்பட்டால் பச்சை மசாலை வாடை அடிக்கும்.

கோழியைக் கடைசியில்தான் போட வேண்டும். அது ஏற்கெனவே வெந்தது. நெடுநேரம் கொதித்தால் நார் நாராகிவிடும். ஐந்து நிமிடம், ஆவி பறக்கும்வரை பிரட்டினால் போதும். உப்பையும் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். ரோஸ்டில் ஏற்கெனவே உப்பு இருக்கும். இறக்கும்போது அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. ஆட்டிறைச்சி ரோஸ்ட் மிஞ்சினாலும் இதே கதைதான், சின்னத் துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். எலும்பை வீசாதீர்கள். மிளகு, பூண்டு தட்டிப் போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் மழை நாளுக்கு ஒரு சூப்.

ஓர் எச்சரிக்கை. விருந்து முடிந்து அரட்டை அடிக்கும் நேரத்தில் இறைச்சி மேசையிலேயே கிடக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ்பெட்டிக்குள் போக வேண்டும். நம் ஊர் உச்சி வெயிலில் வெளியே வைத்திருந்தால் ஒரு மணி நேரம்தான். மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். தேவையான அளவை மட்டும் எடுத்து, நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடுங்கள். 1894-இல் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் ஈயச் சுரங்கத்துக்காக மின்னாக்கி பொருத்தி, மலாயாவிலேயே முதன்முதலாக மின்சாரம் பார்த்த ஊர் எங்கள் ரவாங். அந்தப் பெருமைக்காவது ஐஸ்பெட்டியை ஒழுங்காகப் பயன்படுத்த வேண்டாமா?

ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. எங்கள் வீட்டுக் கணக்கு அதில் குறைவாக இருந்திருந்தால், அதற்குக் காரணம் அம்மாவின் வயிறுதான்.

27-ஆம் தேதி வேலை முடிந்து வந்ததும் நானே பிரட்டல் செய்தேன். முதல் தட்டை அம்மாவுக்குப் போட்டு, நாற்காலியில் உட்கார வைத்தேன்.

“காரம் கொஞ்சம் கூட” என்றார். ஆனால் இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டார். அன்று மிச்சம் எதுவும் இல்லை.