இஞ்சின் ரிச், ஓனர் புவர்

எங்கள் வீட்டில் ஏதோ ஒன்றை 'ரிச்' என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

1998, குமாரபாளையம். அப்பாவின் பழைய கார்புரேட்டர் கார், லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது, திடீரென்று 9-க்கு இறங்கிவிட்டது. கறுப்புப் புகை வேறு. காவிரிப் பாலம் தாண்டி பவானி போய்த் திரும்பினால் சட்டையெல்லாம் பெட்ரோல் வாடை. ஒரு ஒர்க்‌ஷாப்பில், "இஞ்சினை இறக்கணும் சார், 18,000 ஆகும்" என்றார்கள். என் சம்பளம் 4,000. "வித்துடலாம்டா" என்றார் அப்பா, முகத்தைத் திருப்பிக்கொண்டு. மறுநாளே வாங்க ஆள் வருவதாக ஏற்பாடு.

மனசு கேட்காமல் ஒரு வயசான மெக்கானிக்கிடம் காட்டினேன். புகையைப் பார்த்தார்.

"நீலமா வந்தா ஆயில் எரியுதுங்க. இது கறுப்பு. இஞ்சின் நல்லாத்தானுங்க இருக்குது, ரிச்சா ஓடுது."

பிளக்கைக் கழற்றினார். அடுப்புக்கரி! "இது பிஸ்கட் கலர்ல இருக்கோணுங்க."

விஷயம் இதுதான். 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று குறைந்தாலோ பெட்ரோல் கூடினாலோ மிச்சம் கரியாகப் போகும். கைப்பிடி சோற்றுக்கு ஒரு குண்டான் குழம்பு ஊற்றின கதை.

முதலில் சோக். குமிழை உள்ளே தள்ளினாலும் கேபிள் பாதியில் சிக்கியிருந்தது. அடுத்து, மிதவையும் நீடில் வால்வும். பெட்ரோல் வழியவில்லை, தப்பித்தோம். கடைசியாக ஏர் ஃபில்டரைத் திறந்தார். உள்ளே தலையணைக்குப் போதுமான பஞ்சு! கார் நிற்பது விசைத்தறி ஷெட் வாசலில். ஊரே லுங்கி நெய்ய, எங்கள் கார் பஞ்சைச் சுவாசித்திருக்கிறது.

புது ஃபில்டர், கேபிளுக்கு எண்ணெய், பிளக் சுத்தம், ஸ்குரூவில் அரைத் திருப்பு. மொத்தம் 240 ரூபாய்.

இப்போதைய இஞ்ஜெக்‌ஷன் கார்களில் ஆக்ஸிஜன் சென்ஸர் பார்த்துச் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து ஊற்றுகிறது. கோளாறு என்றால் ஸ்கேனர் மாட்டுகிறார்கள். ஆனாலும் பெரிய பில்லுக்குத் தலையாட்டும் முன் சின்ன சாமான்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: மூடிய ஷெட்டுக்குள் ஓடவிட்டுச் சோதிப்பது. ரிச்சாக ஓடும் வண்டியின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு அதிகம். அதற்கு வாடையே கிடையாது, ஆளைச் சாய்த்துவிடும்.

மறுநாள் காலை, காரை வாங்குகிறவர் அட்வான்ஸோடு வந்து நின்றார். அப்பா மிகுந்த வருத்தத்தோடு அவரிடம் சொன்னார்:

"வேண்டாமுங்க... இஞ்சினே போச்சு!"