விஷ உலோகத்தை உமி தடுக்குமா?

பெங்களூர் பீனியா தொழிற்பேட்டையில் முலாம் பூசும் சிறு பட்டறைகள் ஏராளம். வாகன உதிரி பாகங்கள், குழாய்கள், கைப்பிடிகள் எல்லாம் அங்கேதான் பளபளப்பு பெறுகின்றன. முலாம் பூசிய பொருளைக் கழுவிய தண்ணீரில் குரோமியம், நிக்கல், துத்தநாகம் ஆகிய உலோகங்கள் கலந்திருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் வெளியே விட்டால் என்ன ஆகும்?

பீனியா வட்டாரத்து நிலத்தடி நீரில் குரோமியம் இருப்பது ஏற்கனவே பரிசோதனைகளில் தெரிந்த விஷயம். அங்கிருந்து வரும் கழிவு நீரில் ஒரு பகுதி விருஷபாவதியில் சேருகிறது. விருஷபாவதி அர்க்காவதியில் கலக்கிறது. அர்க்காவதி, சங்கமம் என்ற இடத்தில் காவிரியில் கலக்கிறது. அதற்குக் கீழேதான் மேட்டூர். ஆகவே, இது பெங்களூரோடு முடிகிற பிரச்சினை அல்ல.

சட்டம் சொல்வது

குரோமியத்தில் 'ஆறு இணைதிறன்' வகைதான் கொடியது. புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. ஆறு, ஏரிகளில் விடும் கழிவு நீரில் இது லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இதற்கு வழக்கமான முறை, ரசாயனம் போட்டு அதன் வீரியத்தைக் குறைத்து, பிறகு சுண்ணாம்பு சேர்த்துச் சேறாகப் படிய வைப்பது. கடைசியில் மிஞ்சும் சிறிதளவு உலோகத்தை நீக்குவதுதான் கஷ்டம். அதற்கான பிசின்களும் உயர்ரகக் கரியும் விலை அதிகம். நாலைந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்குக் கட்டுப்படி ஆகாது.

குப்பைக்கு வந்த மவுசு

இங்கேதான் நெல் உமி, மரத்தூள், கரும்புச் சக்கை, தென்னை நார்க்கழிவு, கொட்டாங்கச்சிக் கரி ஆகியவை வருகின்றன. இவற்றின் மேற்பரப்பு உலோக அணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் நாட்டிலும் வெளிநாடுகளிலும் பல ஆய்வுக்கூடங்கள் இதைச் சோதித்துப் பார்த்துள்ளன. ஈயமும் செம்பும் லேசான புளிப்புள்ள நீரில் நன்றாக ஒட்டும். ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு அமிலத்தன்மை அதிகம் வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பட்டறை தினமும் 1,000 லிட்டர் கழிவு நீர் விடுகிறது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் உலோகம் என்றால், மொத்தம் 20 கிராம். பதப்படுத்திய உமி கிலோவுக்கு 10 கிராம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 2 கிலோ உமி போதும்! ஆனால் இது ஏட்டுக் கணக்கு. பட்டறை நீரில் பல உலோகங்களும் எண்ணெயும் சோப்பும் கலந்து வரும். உமி முழுதும் நிரம்பும் முன்பே உலோகம் கசியத் தொடங்கிவிடும். எனவே பல மடங்கு உமி தேவைப்படும். அடிக்கடி நீரைப் பரிசோதிக்கவும் வேண்டும்.

பிறகு எங்கே போவது?

முக்கியமான கேள்வி இதுதான். உலோகம் அழிவதில்லை. தண்ணீரில் இருந்தது உமிக்கு மாறுகிறது, அவ்வளவுதான். அந்த உமியைச் சாக்கடையில் கொட்டினால் விஷம் திரும்ப நீரில் கலக்கும். அடுப்பில் எரித்தால் சாம்பலில் தங்கும். அபாயக் கழிவாகக் கருதி, அதற்கென்று உள்ள கிடங்குக்கு அனுப்புவதே முறை. அதைக் கையால் அள்ளுபவர் பெரும்பாலும் தினக்கூலித் தொழிலாளி. கையுறையும் காலணியும் கொடுப்பது முதலாளியின் கடமை.

உமி மலிவு என்பது உண்மை. பரிசோதனையும் பயன்படுத்திய உமியை அப்புறப்படுத்துவதும் மலிவு அல்ல. பத்துப் பட்டறைகள் சேர்ந்து பொதுவில் ஏற்பாடு செய்து, மாசுக்கட்டுப்பாட்டு வாரியமும் மேற்பார்வை செய்தால், சுண்ணாம்பு முறைக்குப் பின் கடைசிக் கட்டமாக இது பலன் தரலாம். சுண்ணாம்பு முறையைக் கைவிட்டு, இதை மட்டும் நம்புவது ஆபத்து.

வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கிணற்று நீரிலோ போர் நீரிலோ சந்தேகம் இருந்தால், வீட்டில் உமியிலும் கரியிலும் வடிகட்டிக் குடிக்க வேண்டாம். கொதிக்க வைத்தாலும் உலோகம் போகாது. பரிசோதனை முடிவு வரும்வரை வேறு தண்ணீரைக் குடிப்பதே நல்லது.