சீட்டு இருந்தும் குற்றவாளியா?

கையிலே காசு கொடுத்து வாங்கிய சீட்டு இருக்கிறது. நெஞ்சிலே கள்ளமில்லை. ஆயினும், பரிசோதகர் சீட்டைப் புரட்டிப் பார்த்து, "இது இந்த வண்டிக்குச் செல்லாது" என்று கூறும்போது, பெட்டியிலுள்ள அத்தனை கண்களும் திரும்பிப் பார்க்க, நம் மலையகத்து முதியவர் ஒருவர் கூனிக் குறுகி நிற்கிறார். கட்ட வேண்டிய தண்டத்தைக் காட்டிலும் அந்த அவமானமே அவரைச் சுடுகிறது. நாள்தோறும் கோச்சியிலே போய்வருபவனுக்கு இத்துன்பமில்லை; அவன் விதிகளைப் பழக்கத்தாலே கற்றுக்கொண்டவன். ஆண்டுக்கொருமுறை கோயில் திருவிழாவுக்கோ, கலியாண வீட்டுக்கோ, கொழும்பு ஆஸ்பத்திரிக்கோ புறப்படுகிறவனே அகப்பட்டுக்கொள்கிறான்.

வலப்பனைப் பகுதி மக்கள் இதனை நன்கறிவர். இன்று இப்பகுதியில் இருப்புப்பாதை இல்லை. ஒரு காலத்தில் இருந்தது! நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை, இரண்டரை அடி அகலமுள்ள சிறுபாதை ஒன்று 1903-04 ஆண்டுகளில் போடப்பட்டது. தேயிலைப் பெட்டிகளைச் சுமப்பதற்கென்று துரைமார் கேட்டுப் பெற்ற அப்பாதை 1940களில் மூடப்பட்டது. அன்று முதல் இராகலையும் உடப்புசல்லாவையும் வலப்பனையும், புகையிரதத்தைத் தேடிப் பஸ்ஸேறிப் போகும் ஊர்களாயின. தோட்டத் தொழிலாளியாயினும், உருளைக்கிழங்கும் லீக்ஸும் பயிரிடும் விவசாயியாயினும், பாடசாலை ஆசிரியராயினும், அரசாங்க உத்தியோகத்தராயினும், நானுஓயாவிலோ கண்டியிலோ போய்த்தான் சீட்டுக் கேட்க வேண்டும். ஆகவே, எப்போதாவது புகையிரதம் ஏறும் பிரயாணிக்குச் சீட்டின் செல்லுபடி என்ன, வழி என்ன என்பன இங்கு சிறிய விஷயங்களல்ல.

சீட்டு என்ற சொல்லுக்கு நம் மக்களின் வரலாற்றிலே கசப்பான பொருளும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து இத்தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட நம் முன்னோரின் கழுத்திலே, தோட்டத்தின் குறியீடு பொறித்த தகர வில்லையொன்று கட்டப்பட்டது. கப்பலுக்கும் அதுவே சீட்டு. புகையிரதத்துக்கும் அதுவே சீட்டு. வழிச்செலவைத் தோட்டம் முதலில் கொடுத்தது. பிறகு அது தொழிலாளியின் கடனாய் ஏறியது. தோட்டம் விட்டுத் தோட்டம் போவதற்குத் 'துண்டு' என்ற காகிதம் வேண்டியிருந்தது. கடனைத் தீர்த்தால் ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு துரை இன்னொரு துரைக்கு எழுதியதே அத்துண்டு; 1921 இல்தான் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தம் கழுத்திலும் கையிலும் இருந்ததை வாசிக்க அவர்களுக்கு வழியில்லை. இன்று நாம் எழுத்தறிந்தவர்கள். சொந்தப் பணத்திலே சீட்டு வாங்குகிறவர்கள். அச்சீட்டிலே என்ன எழுதியிருக்கிறதென்று அறியாமல் இன்னும் பயணம் செய்வோமாயின், குறை யாருடையது?

சீட்டு என்பது வெறும் காகிதமன்று. அஃது ஓர் ஒப்பந்தம். எங்கிருந்து, எங்கு வரை, எந்த வகுப்பில், எந்தத் திகதியில், எவ்வகை வண்டியில் என்னும் ஐந்தும் அதனுள் அடங்கும். ஐந்தில் ஒன்று பிசகினாலும் ஒப்பந்தம் பிசகிவிடுகிறது. மூன்றாம் வகுப்புச் சீட்டை வைத்துக்கொண்டு, இடமில்லை என்பதற்காக இரண்டாம் வகுப்பிலே உட்கார உரிமையில்லை. நகரிடைக் கடுகதி வண்டிக்குத் தனிக் கட்டணமும் தனிச் சீட்டும் உண்டு. சாதாரணச் சீட்டோடு அதில் ஏறுவது கூடாது. ஆசனம் ஒதுக்கிப் பெற்ற சீட்டோ, குறித்த திகதியில் குறித்த வண்டிக்கு மட்டுமே உரியது. பஸ் தாமதித்ததால் அவ்வண்டியைத் தவறவிட்டவர், அடுத்த வண்டியில் அதே சீட்டைக் காட்டி இடம் கேட்க முடியாது. விடுமுறை ஆணைச்சீட்டுப் பெற்ற ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் ஒன்றை மறத்தலாகாது: ஆணைச்சீட்டு பிரயாணச்சீட்டன்று, கருமபீடத்தில் கொடுத்து அதற்கீடாகச் சீட்டைப் பெற்ற பின்னரே வண்டியேறலாம்.

இவையெல்லாம் ஓரளவு தெரிந்தவர்களுங்கூட இடறி விழுவது வழியிலேதான். மலையகப் பாதையில் இரண்டு சந்திகளை நினைவிற் கொள்ள வேண்டும்.

முதலாவது பேராதனைச் சந்தி. பதுளையிலிருந்து கம்பளை வழியாகக் கொழும்புக்குச் செல்லும் பிரதான பாதை, கண்டி நகரைத் தொடுவதில்லை. கண்டி, பேராதனையிலிருந்து பிரியும் கிளைப்பாதையில் இருக்கிறது. ஆதலின் சில வண்டிகள் கண்டிக்குள் புகுந்து, இயந்திரத்தை மாற்றிக்கொண்டு திரும்பி வரும். வேறு சில நேரே சென்றுவிடும். 'பொடி மெனிக்கே' கண்டிக்குள் சென்று வருவதும், 'உடரட்ட மெனிக்கே' கண்டியைத் தொடாமற் செல்வதும் நெடுங்காலம் வழக்கமாயிருந்தன. "கொழும்புக்குப் போகும் வண்டிதானே, கண்டியில் நிற்காமலா போகும்?" என்று எண்ணி ஏறியவர் பேராதனையில் இறங்கித் தவிக்க நேரிடும். நேர்வழிக்குச் சீட்டெடுத்தவர், கண்டியிலே ஒரு வேலையை முடித்துக்கொண்டு மறுவண்டியில் தொடரலாம் என்று தாமாகவே முடிவுசெய்தல் இன்னும் பெரிய பிழை. அக்கிளைப்பாதையின் தூரத்துக்கு அவர் கட்டணம் செலுத்தவில்லையே!

இரண்டாவது பொல்காவலைச் சந்தி. 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களால் விரட்டப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய நம் மக்கள் பலர். இராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வவுனியாவிலுள்ள மகள் வீட்டுக்குச் செல்லும் ஒரு தாய் தந்தையரை எண்ணிப் பார்ப்போம். நானுஓயாவிலிருந்து வடக்கே செல்ல அவர்கள் பொல்காவலையில் வண்டி மாற வேண்டும். குருநாகல், மாகோ, அநுராதபுரம் வழியே போக வேண்டும். கட்டணமும் அவ்வழிக்கே கணக்கிடப்படுகிறது. ஆயின் எந்த வட பகுதி வண்டி பொல்காவலையில் நிற்கும் என்று சொல்வார் இல்லை. "கோட்டைக்குப் போனால் தொடக்கத்திலேயே இடம் பிடிக்கலாம்" என்று யாரோ கூற, அவர்கள் கொழும்பு வரை சென்று திரும்புகிறார்கள். போகவும் வரவுமாக நூற்றுநாற்பது கிலோமீற்றருக்கு மேல் சீட்டில்லாப் பயணம்! ஏமாற்றும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. சட்டமோ எண்ணத்தைக் கேட்பதில்லை, சீட்டைத்தான் கேட்கிறது.

இடையில் இறங்கித் தங்கிப் பின் தொடரலாமா என்ற கேள்வியும் அடிக்கடி எழுகிறது. இதற்கு ஒரே விடைதான் உண்டு: இறங்குவதற்கு முன் கேளுங்கள். சீட்டு வாங்கும்போதே கருமபீடத்தில் கேட்க வேண்டும்; வழியிலாயின் நிலைய அதிபரிடம் கேட்க வேண்டும். ஒதுக்கிய ஆசனம், இறங்கியவரோடு இறங்கிவிடும். அடுத்த வண்டியில் அது காத்திராது.

தல யாத்திரைக்காக இந்தியா செல்லும் நம்மவர், அங்குள்ள விதி வேறு என்பதையும் அறிய வேண்டும். அங்கே முன்பதிவில்லாத சீட்டை 199 கிலோமீற்றர் வரையான பயணத்துக்கு வாங்கினால், மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு 2016 இல் வந்தது. நெடுந்தூரச் சீட்டிலோ, 500 கிலோமீற்றர் கடந்தபின் இடையில் இறங்கித் தங்கவும் இடமுண்டு. இங்கிலாந்தில் சீட்டின் முகப்பிலேயே வழி அச்சிடப்படுகிறது. அனுமதிக்கப்பட்ட எவ்வழியும் செல்லலாம் என்று ஒரு சீட்டு சொல்லும். இலண்டன் வழியாகச் செல்லலாகாது என்று மலிவான வேறொரு சீட்டு சொல்லும். கட்டுப்பாடு அங்கும் உண்டு. ஆனால் அக்கட்டுப்பாடு பிரயாணியின் கையிலேயே எழுதிக் கொடுக்கப்படுகிறது. நாம் கேட்பதும் அதுவே.

அத்தகைய நல்லொழுங்கு நமக்கு அந்நியமானதுமன்று. 1914 இல் தலைமன்னார் - தனுஷ்கோடி கப்பற் சேவை தொடங்கியபோது, கொழும்புக் கோட்டையிலே வாங்கிய ஒரே சீட்டுடன் சென்னை வரை செல்ல முடிந்தது. இரண்டு நாட்டு இருப்புப்பாதையும் நடுவிலே கடலும் ஒரே சீட்டில் அடங்கின! 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதே ஆண்டின் சிறீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், தலைமன்னாருக்குச் சென்ற கோச்சி, நாடு கடத்தப்பட்ட நம் உறவுகளைச் சுமந்து 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் பெற்றது. கடல் கடந்த வழியையே ஒரு சீட்டில் விளக்க முடிந்த திணைக்களத்துக்கு, பேராதனைச் சந்தியை விளக்குவது பெரிய காரியமா?

இன்று நிலைமை மேலும் சிக்கலாகியிருக்கிறது. எல்ல செல்லும் வண்டிகளின் ஆசனங்களைத் தரகர்கள் வாங்கிக் குவித்துக் கொள்ளை விலைக்கு விற்றதனால், தொலைதூர ஆசனங்களை ஒதுக்குவோர் அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கத்தைத் தர வேண்டுமென 2024 இறுதியில் விதிக்கப்பட்டது. நல்ல விதிதான். ஆனால் வேறொருவர் இலக்கத்தில் ஒதுக்கிய சீட்டைக் கொண்டு பயணம் செய்யலாகாது என்பதை, மகன் கொழும்பிலிருந்து அனுப்பிய சீட்டை நம்பிப் புறப்படும் தாய்க்கு யார் சொன்னார்கள்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைகளைச் சரித்து, வலப்பனையிலும் பிற இடங்களிலும் உயிர்களைக் குடித்தபோது, மலையகப் பாதையும் பல இடங்களில் உடைந்தது. பாதை துண்டுபட்ட நாளில், முன்னரே வாங்கிய சீட்டுக்கு என்ன கதி, வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் மீதிக் கட்டணம் யாரைச் சேரும் என்பவற்றை மக்கள் தம் மொழியில் உடனுக்குடன் அறிதல் வேண்டும்.

தம் மொழியில் என்று நாம் சொல்வது சலுகை கேட்டு அன்று. 1987 இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1999 இல் வலப்பனை உட்பட நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. ஏட்டிலே இருக்கும் இவ்வுரிமை, கருமபீடத்தின் கண்ணாடிக்கு முன்னாலும் இருக்க வேண்டாமா?

ஆகவே புகையிரதத் திணைக்களத்தை நாம் மூன்று வேண்டுகிறோம். செல்லுபடியாகும் காலம், வகுப்பு, வழி, இடையில் இறங்கும் விதி, தண்டம் ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய பலகையொன்றை நானுஓயா, தலவாக்கலை, அட்டன், நாவலப்பிட்டி, கம்பளை நிலையங்களின் கருமபீடத்தருகே நாட்டுக. வண்டி மாற வேண்டிய பயணங்களுக்கு மாறும் சந்தியின் பெயரைச் சீட்டிலேயே அச்சிடுக. இருப்புப்பாதையற்ற இராகலை, உடப்புசல்லாவை, வலப்பனை ஆகிய இடங்களின் தபாலகங்களிலும் பிரதேச செயலகத்திலும் நேரசூசியையும் விதிகளையும் காட்சிக்கு வைக்குக. இவற்றுக்குக் கோடிகள் வேண்டியதில்லை. சிறிது மையும் சிறிது மனமும் போதும். விதியை அறிவிக்காமலே அதனை மீறியதற்குத் தண்டம் அறவிடுவது, பள்ளத்தை மூடாமல் விழுந்தவனைக் கண்டிப்பதற்கு ஒப்பாகும்.

எம் வாசகர்களுக்கும் கடமை உண்டு. கருமபீடத்தை விட்டு விலகுமுன் சீட்டை ஒருமுறை வாசியுங்கள். எங்கே மாற வேண்டும், அந்த வண்டி அங்கே நிற்குமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். வழி மாற நினைத்தால், வண்டியில் ஏறுமுன்னரே வித்தியாசப் பணத்தைச் செலுத்துங்கள்; பரிசோதகர் வரும் வரை காத்திருக்க வேண்டாம். படித்த இளைஞரும் ஆசிரியரும் தத்தம் தோட்டத்து முதியோருக்கு இதனைப் படித்துக் காட்டுவார்களாக.

தகர வில்லையைக் கழுத்திலே கட்டிக்கொண்டு, எங்கே போகிறோம் என்றறியாமல் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். போகுமிடம் அறிந்து, வழியும் அறிந்து, தலைநிமிர்ந்து பயணம் செய்வோமாக!