பெயரில் மட்டும் விரைவா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

மனித நாகரிகத்தின் வரலாறு ஒருவகையில் மனிதனுடைய பயணத்தின் வரலாறே எனலாம். கால்நடையாகவும், மாட்டு வண்டியிலும், நீராவி இரயிலிலும், பெட்ரோல் காரிலும் சென்றவன் இன்று மின்சாரக் காரில் செல்கிறான். ஆனால் மின்சாரக் கார் நேற்றுப் பிறந்த குழந்தையன்று. 1899-ஆம் ஆண்டிலேயே காமீல் ஜெனாட்சி என்ற பெல்ஜிய நாட்டவர் மின்சாரக் காரில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினார். சாலை ஊர்தி ஒன்று அந்த வேகத்தைத் தாண்டியது அதுவே முதன்முறை. நம் நாட்டில் 2001-இல் பெங்களூரிலிருந்து ரேவா என்ற சிறிய மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது. 2020-இல் டாட்டாவின் நெக்சான் மின்சாரக் கார் வந்த பிறகு, நெடுஞ்சாலைகளில் பச்சை எண் பலகை தாங்கிய கார்களைக் காண்பது சாதாரணமாகிவிட்டது.

ஆக, ஓடும் வேகத்தில் குறையில்லை. குறை நிற்கும் இடத்தில் இருக்கிறது. வெளியூர்ப் பயணத்தின் நடுவே மின்கலம் தீரும்போது வழியிலுள்ள ‘விரைவு மின்னேற்று நிலைய’த்தை நாடுகிறோம். பலகையில் ‘விரைவு’ என்று எழுதியிருக்கிறது. ஆனால் மணிக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். பலகையில் எழுதிய கிலோவாட்டும் அப்படித்தான், காருக்குள் இறங்காத வரையில்.

தாமதம் ஒரு குற்றமன்று. எவ்வளவு தாமதமாகும் என்பதை மறைப்பதே குற்றம். இதுவே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

கார் இல்லாதவனுக்கு இதில் என்ன?

‘உன் வீட்டில் கார் இருக்கிறதா?’ என்று நண்பர்கள் கேட்கலாம். இல்லை. எங்கள் வீட்டில் மிதிவண்டியைத் தவிர வேறு வண்டி கிடையாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படிக்கட்டை மிதித்த முதல் ஆள் நான். இருந்தும் இதைப் பற்றிப் பேச எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, இதில் மக்களின் வரிப்பணம் இருக்கிறது. 2023 மார்ச்சில் மத்திய அரசு மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 7,432 விரைவு மின்னேற்று நிலையங்களை அமைக்க 800 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2024-இல் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் பொது மின்னேற்று நிலையங்களுக்கென 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் நான்கு சக்கர ஊர்திகளுக்கு மட்டும் 22,100 விரைவு மின்னேற்றிகள் என்பது இலக்கு. தீப்பெட்டி வாங்கும்போதுகூட வரி கட்டுகிற என் தாய்க்கும் அந்தப் பணத்தில் பங்குண்டு.

இரண்டாவது, மின்சாரக் காரில் போகிறவர்கள் எல்லாரும் செல்வந்தர்கள் அல்லர். என் சித்தப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, விழுப்புரத்தில் மாதத் தவணையில் மின்சாரக் கார் எடுத்து வாடகைக்கு ஓட்டுகிறார். சென்ற கோடையில் ஒரு குடும்பத்தை ஸ்ரீரங்கத்திற்கு அழைத்துச் சென்று திரும்பும் வழியில் ஒரு நிலையத்தில் நின்றார். பலகையில் 60 கிலோவாட் என்று இருந்தது. தம் முறைக்கு 50 நிமிடம் காத்திருந்தார். முறை வந்தபின், அவர் காட்டிய ரசீதின்படி, 1 மணி 5 நிமிடத்தில் ஏறியது 19 யூனிட். கணக்குப் போட்டுப் பார்த்தேன்; சராசரி பதினேழரை கிலோவாட். பலகையின் எண்ணில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அன்றிரவு அவர் ஒப்புக்கொண்டிருந்த இரயில் நிலையச் சவாரி கைவிட்டுப் போயிற்று. அவர் என்னிடம் சொன்னது இது: “ஒரு மணி நேரம் ஆகும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா அவங்களைத் திருச்சியிலேயே சாப்பிட வச்சு, வண்டியையும் அங்கேயே ஏத்திட்டு வந்திருப்பேன் தம்பி. அரை மணின்னு நம்பி ரெண்டு மணி நேரம் நின்னா, சவாரிக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

தனியார் காரில் செல்பவருக்குத் தாமதம் எரிச்சல். வாடகைக் கார் ஓட்டுநருக்கோ அது கூலி இழப்பு.

எண்கள் சொல்லும் கதை

நம் வீட்டு மின் கட்டண அட்டையில் எழுதும் யூனிட்தான் காரின் மின்கலத்திற்கும் அளவு. ஒரு கிலோவாட் திறன் ஒரு மணி நேரம் தொடர்ந்தால் ஒரு யூனிட். சென்னையிலிருந்து விழுப்புரம், திருச்சி வழியாக மதுரை ஏறத்தாழ 460 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் ஒரு கார் யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடுகிறது என்று கொள்வோம். பயணத்திற்கு ஏறத்தாழ 77 யூனிட் வேண்டும். காரின் மின்கலம் 40 யூனிட் கொள்ளும். அவசரத்திற்கு 4 யூனிட்டைக் கையிருப்பாக வைத்தால், புறப்படும்போது நிரப்பியதில் 36 யூனிட் பயன்படும். எஞ்சிய 41 யூனிட்டை வழியில் இரண்டு இடங்களில் ஏற்றியாக வேண்டும்.

உண்மையில் 60 கிலோவாட் ஏறினால் மொத்தம் 41 நிமிடம் போதும். ஒரு காப்பி, ஒரு சாப்பாடு, யாருக்கும் வருத்தமில்லை. 30 கிலோவாட் என்றால் 1 மணி 22 நிமிடம். 15 கிலோவாட் என்றால் 2 மணி 44 நிமிடம். காத்திருக்கும் வரிசை இதில் சேரவில்லை. கார் அதே கார், சாலை அதே சாலை. மாறியது நிலையம் மட்டுமே.

பெட்ரோலைப் போல ஐந்து நிமிடத்தில் நிரப்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் உண்டு. ஒரு குழாய் நிமிடத்திற்கு 30 லிட்டர் ஊற்றினால் அது 16,000 கிலோவாட்டுக்குச் சமம். அதில் முக்கால் பங்கை எஞ்சின் வெப்பமாக வீணாக்குகிறது என்று கழித்தாலும் 4,000 கிலோவாட் மிஞ்சும். கம்பி வழியே அவ்வளவு திறனை ஒரு காருக்குள் செலுத்துவது சாதாரணச் செயலன்று. ஆகவே மின்சாரக் காருக்குச் சற்று நேரம் பிடிப்பது இயற்கை. அந்த நேரம் எவ்வளவு என்பதை ஒளிப்பதுதான் செயற்கை.

தாமதத்தின் காரணங்கள்

முதற் காரணம் பங்கீடு. ஓட்டுநர்கள் ‘கன்’ என்று சொல்லும் இணைப்புக் கைப்பிடிகள் பல சாதனங்களில் இரண்டு உண்டு. உள்ளே இருக்கும் திறனோ ஒன்றுதான். ஒரு கார் நின்றால் 60. இன்னொரு கார் வந்து மாட்டினால் ஆளுக்கு 30. ஒரே சோற்றுப் பானையைக் காட்டி இரண்டு பந்திக்கும் தனித்தனியாக அழைப்பு விடுப்பது போன்றது இது.

இரண்டாவது, வோல்ட்டும் ஆம்பியரும். திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது என்று பள்ளியிலேயே படித்தோம். ஒரு சாதனம் அதிகபட்சம் 120 ஆம்பியர் தருவதாகவும், 500 வோல்ட்டில் 60 கிலோவாட் என்று பலகை எழுதியதாகவும் கொள்வோம். வரும் காரின் மின்கலம் 320 வோல்ட் என்றால் கிடைப்பது 38 கிலோவாட்டே. பலகையில் பொய்யில்லை, ஆனால் அந்தக் காருக்கு உண்மையுமில்லை.

மூன்றாவது, மின்கலத்தின் குணம். லித்தியம் மின்கலம் ஏறக்குறைய 80 விழுக்காட்டைத் தாண்டியதும் மின்னோட்டத்தைக் குறைத்தாக வேண்டும். இல்லையேல் அதன் ஆயுள் கெடும். கடும் வெப்பத்திலும் மின்கலமும் மின்னேற்றியும் தம்மைக் காத்துக்கொள்ளத் திறனைத் தாமே குறைத்துக்கொள்ளும். இது நிலையத்தாரின் குற்றமன்று. முழுவதும் நிரம்பும்வரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பவரைக் காக்க வைக்கும் நம்மவர் இதைச் சிந்திக்க வேண்டும்.

நான்காவது, மின் இணைப்பு. அதிகத் திறனுள்ள சாதனங்களுக்குப் பெரும்பாலும் தனி மின்மாற்றி வேண்டும். பல இடங்களில், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் நிலைக் கட்டணம் கட்ட வேண்டும். நாளைக்கு நாலு கார் மட்டும் வரும் இடத்தில் யார் துணிந்து முதல் போடுவார்? சிறிய சாதனங்களே பெருகுவதன் இரகசியம் இதுதான்.

இவற்றோடு பழுதும் சேர்கிறது. சாதனம் இருக்கும், திரை இருண்டிருக்கும். நிறுவனத்திற்கு ஒரு செயலி, செயலிக்கு ஒரு முன்பணம். அலைபேசியில் சிக்னல் கிடைக்காத இடத்தில் பணம் இருந்தும் பயனில்லை.

கார்களோ முன்னேறிவிட்டன. 2023-இல் நம் நாட்டில் அறிமுகமான ஹூண்டாயின் ஐயோனிக் 5 காரின் மின்கலம் 72.6 யூனிட். 350 கிலோவாட் சாதனத்தில் அது 10 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காட்டிற்கு 18 நிமிடத்தில் ஏறும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். அதே காரை 30 கிலோவாட் கைப்பிடியில் மாட்டினால் 1 மணி 40 நிமிடத்திற்கு மேல் ஆகும். பந்தயக் குதிரைக்குக் கொட்டாங்கச்சியில் தண்ணீர் காட்டுவதுதான் இது.

மறுப்புரைகளும் விடைகளும்

‘பெரும்பாலோர் இரவில் வீட்டிலேயே மின்னேற்றிக்கொள்கிறார்கள், வழியில் நிற்பது எப்போதோ ஒருநாள்’ என்பர் சிலர். சொந்த வீடும் கார் நிறுத்த இடமும் உள்ளவருக்கு இது பொருந்தும். தெருவில் வண்டியை நிறுத்தும் வாடகை வீட்டுக்காரருக்கும், நாளெல்லாம் ஓடும் வாடகைக் காருக்கும் பொருந்தாது. மேலும், அந்த ‘ஒருநாள்’ பெரும்பாலும் பொங்கலாகவோ தீபாவளியாகவோ இருக்கும். அன்று எல்லாரும் ஒரே சாலையில்தான் இருப்பார்கள்.

‘எண்ணிக்கை பெருகினால் எல்லாம் சரியாகிவிடும்’ என்பர் வேறு சிலர். நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வேண்டும் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018-லேயே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் தூரத்தை மட்டும் அளந்தால் போதாது. நான்கு கிணறு வெட்டி நான்கிலும் ஊற்றில்லை என்றால், கிணற்றின் எண்ணிக்கையைச் சொல்லித் தாகம் தீர்க்க முடியுமா?

பிற நாடுகள் இதை உணரத் தொடங்கிவிட்டன. அமெரிக்க அரசு தன் நிதியில் அமையும் நெடுஞ்சாலை நிலையங்களுக்கு 2023-இல் விதிகள் வகுத்தது. குறைந்தது நான்கு இணைப்புகள். நான்கிலும் ஒரே நேரத்தில் கார்கள் நின்றாலும் ஒவ்வொன்றுக்கும் 150 கிலோவாட் தரும் ஆற்றல். 97 விழுக்காட்டிற்கு மேற்பட்ட நேரம் பழுதின்றி இயங்குதல். பிரிட்டன் அதே ஆண்டில் இயற்றிய விதிகளின்படி, ஒரு நிறுவனத்தின் விரைவு மின்னேற்றிகள் ஆண்டுச் சராசரியில் 99 விழுக்காடு நேரம் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். உதவிக்கு இருபத்து நான்கு மணி நேரத் தொலைபேசியும் இருக்க வேண்டும். ‘எத்தனை நட்டோம்’ என்பதோடு ‘எத்தனை வேலை செய்கின்றன’ என்றும் அவர்கள் கேட்கிறார்கள்.

செய்ய வேண்டியவை

என் சிற்றறிவுக்கு எட்டிய யோசனைகள் சில.

ஒன்று, பலகையில் ‘விரைவு’ என்ற சொல்லுக்குப் பதிலாக உண்மை எண்கள் வேண்டும். ‘தனியே நின்றால் 60, இருவர் நின்றால் 30, அதிகபட்சம் இத்தனை ஆம்பியர்’ என்று எழுதட்டும். பேருந்து நிலையத்தில் கால அட்டவணை எழுதுவது போன்ற எளிய செயல் இது.

இரண்டு, ஒவ்வொரு நிலையத்திலும் கடந்த மாதம் சாதனம் எத்தனை மணி நேரம் பழுதாகிக் கிடந்தது, ஒரு காருக்குச் சராசரியாக எத்தனை கிலோவாட் கிடைத்தது என்பவற்றை யாவரும் அறிய வெளியிட வேண்டும். இந்தக் கணக்கு சாதனத்தின் நினைவிலேயே பதிவாகிறது. வெளியிட மனம்தான் வேண்டும்.

மூன்று, மானியத்தின் ஒரு பகுதியையாவது நிலையம் ஓராண்டு ஒழுங்காக இயங்கிய பிறகே தர வேண்டும். நட்டதற்குக் கூலி கொடுத்தால் நடுவார்கள். விளைந்ததற்குக் கூலி கொடுத்தால் தண்ணீர் ஊற்றுவார்கள்.

நான்கு, செயலி இல்லாமலும் பணம் செலுத்த வழி வேண்டும். தேநீர்க் கடையிலேயே அலைபேசியைக் காட்டிப் பணம் தரும் நாட்டில் இது அரிய காரியமா?

இறுதியாக, நமக்கும் ஒரு பங்குண்டு. நம் துறை மாணவர்கள் இருவர், ஒரு கடிகாரமும் ஒரு குறிப்பேடும் எடுத்துக்கொண்டு, நெடுஞ்சாலை நிலையம் ஒன்றில் ஒரு நாள் நின்றால் போதும். கார் உரிமையாளரின் அனுமதியோடு ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை திரையிலுள்ள யூனிட்டைக் குறித்து, வரைபடத் தாளில் கோடு போட்டால், எந்த நிமிடத்தில் திறன் விழுகிறது, காரணம் காரா நிலையமா என்பது வெளிச்சமாகிவிடும். ஆய்வுக்கூடத்தில் ஓம் விதியைச் சரிபார்த்து மதிப்பெண் வாங்கும் நாம், சாலையில் திறனை அளந்து மக்களுக்குச் சொல்லலாகாதா? பேராசிரியப் பெருமக்கள் இதனை ஒரு செய்முறைப் பயிற்சியாக ஏற்று வழிநடத்த வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

மின்சாரக் கார் நம் சாலைகளில் பெருகத்தான் போகிறது. புகை குறைந்தால் நமக்கெல்லாம் நன்மையே. ஆனால் புதிய பொருளை மக்கள் ஏற்பதும் மறுப்பதும் அது தரும் நம்பிக்கையைப் பொறுத்தது. காத்திருக்க நம் மக்களுக்குத் தெரியும். பேருந்துக்கும் இரயிலுக்கும் நியாயவிலைக் கடைக்கும் காத்திருந்து பழகியவர்கள் அவர்கள். அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: எவ்வளவு நேரம் என்று உண்மையைச் சொல்லுங்கள். அந்த உண்மையை அளந்து சொல்லும் பொறுப்பு அறிவியல் படிக்கும் நமக்கு உண்டு. அளப்போம், அறிவிப்போம்!