பற்றுமா, பற்றாதா?

சாயத்தைக் கரைக்கும் தின்னர், கொசு மருந்துப் புட்டி, எரிபொருள் ஏற்றிச் செல்லும் லாரி ஆகியவற்றில் ஓர் ஆங்கிலப் பெயரடையைக் காணலாம். சிலவற்றில் அது ‘ஃப்ளேமபிள்’ என்று இருக்கும். வேறு சிலவற்றில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று இருக்கும். இவை எதிர்ச்சொற்கள் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், இரண்டுக்கும் பொருள் ஒன்றே. இரண்டும் எளிதில் தீப்பற்றக்கூடியதையே குறிக்கின்றன. தீப்பற்றாததைக் குறிக்கும் சொல் ‘நான்ஃப்ளேமபிள்’ ஆகும்.

இக்குழப்பம் ஏன் எழுகிறது? ஆங்கிலத்தில் ‘கரெக்ட்’ என்றால் சரி. ‘இன்கரெக்ட்’ என்றால் தவறு. இதைப் பழகியவர்கள், ‘இன்’ என்று தொடங்கினாலே எதிர்மறை என்று முடிவு செய்துவிடுகின்றனர். ஆனால், ‘இன்ஃப்ளேமபிள்’ என்பதில் உள்ள ‘இன்’ எதிர்மறை முன்னொட்டு அன்று. தீ மூட்டுதல் என்னும் பொருளுடைய ஒரு லத்தீன் வினைச்சொல்லிலிருந்து அச்சொல் பிறந்தது. தமிழிலும் ‘நீதி’ என்பதன் எதிர்ச்சொல் ‘அநீதி’. அதற்காக, ‘அமைதி’ என்பதில் உள்ள அகரத்தை நாம் எதிர்மறையாகக் கொள்வதில்லையே!

பிற சொற்களில் குழம்பினால் தேர்வில் சில மதிப்பெண்கள் குறையும். இச்சொல்லில் குழம்பினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். இதை உணர்ந்தே, அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களில் ‘ஃப்ளேமபிள்’ என்ற சொல்லைப் பயன்படுத்துமாறு வலியுறுத்தியது.

“சொல்லை மாற்றுவானேன்? மக்களுக்குச் சரியான பொருளைக் கற்பித்தால் போதாதா?” என்று சிலர் கேட்கலாம். கற்பிப்பது நன்றுதான். ஆயினும், எச்சரிக்கைப் பலகை மொழித்தேர்வுத் தாள் அன்று. அதை அவசரத்தில் படிப்பவர் இருப்பார். ஆங்கிலம் அதிகம் அறியாதவரும் இருப்பார். யார் படித்தாலும் உடனே புரிய வேண்டும். மலேசியாவில் பல பொருள்களின் மீது காணப்படும் ‘முடா தெர்பாக்கார்’ என்ற மலாய்த் தொடரில் இந்தக் குழப்பத்திற்கு இடமே இல்லை. சிவப்புச் சாய்சதுரத்திற்குள் தீச்சுவாலை வரைந்த அனைத்துலகக் குறியீடும் அவ்வாறே தெளிவானது.

ஆகவே, எச்சரிக்கைகளில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்ற சொல்லைத் தவிர்ப்பதே சிறந்தது என்பது என் கருத்து. ஆனாலும், பழைய புட்டிகளிலும் பலகைகளிலும் அது இன்னும் நம் கண்ணில் படக்கூடும். அப்போது முன்னொட்டை மட்டும் பார்த்துப் பொருளை ஊகிக்காதீர்கள். அகராதியைப் புரட்டுங்கள், அதுவரை அப்பொருளை அடுப்பருகே கொண்டு செல்லாதீர்கள்.