சாறு இறக்குவது ஒரு நாள், பிரிப்பது இன்னொரு நாளா?

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். நூல் மில்லுக்குப் போகும் என் அம்மா ஒரு நாள், "லேப்ல என்னடா பண்றீங்க?" என்று கேட்டார். செருப்பைக் காட்டித்தான் சொன்னேன். வலதும் இடதும் ஒரே தோல், ஒரே எடை. ஆனால் மாற்றிப் போட்டால் கால் ஒத்துக்கொள்ளாது. சில மருந்துகளின் மூலக்கூறும் அப்படியே, கைரல் என்பார்கள். இப்யூபுரூஃபன் மாத்திரையில் வலியைக் குறைப்பது முக்கியமாக 'எஸ்' வடிவம்தான்.

1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடை 1961-ல் நிறுத்துவதற்குள் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்துவிட்டன. கெட்ட வடிவத்தை நீக்கிக் கொடுத்திருந்தால் தப்பித்திருக்கலாமே என்றுதான் நானும் நினைத்தேன். தப்பு! உடம்புக்குள் ஒரு வடிவம் இன்னொன்றாக மாறிவிடும். எடுத்த ரத்தத்தைச் சும்மா வைத்திருந்தாலும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் உடனே அமிலம் சேர்த்து நிலைப்படுத்துகிறார்கள்.

ஆகவே மருந்தை ரத்தத்திலிருந்து இறக்குவதும், இரு வடிவங்களைப் பிரிப்பதும் தனித்தனி வேலை அல்ல. இரண்டையும் ஒரே கருவியில் இணைக்கும் முறை இருக்கிறது. பிளாஸ்மா முதலில் ஒரு சின்னக் காலத்துக்குள் போகும். மருந்து அங்கே தங்கும், புரதம் கழுவிக்கொண்டு போய்விடும். வால்வைத் திருப்பினால் மருந்து நேராகக் கைரல் காலத்துக்குப் போய் இரண்டாகப் பிரியும். நடுவில் கைபடாது, காத்திருப்பும் குறைவு. சின்னக் காலம் சில சமயம் அடைத்துக்கொள்ளும் என்பதும் உண்மைதான். கைரல் காலங்கள் பலவற்றில் பூசியிருப்பது ரசாயன மாற்றம் செய்த செல்லுலோஸ். அம்மா தினமும் தலையில் ஒட்டிக்கொண்டு வருகிற பஞ்சும் செல்லுலோஸ்தானே! சொன்னேன், அவர் நம்பவில்லை.

நம் லேபில் என்ன நடக்கிறது? எக்ஸ்ட்ராக்ஷன் ஒரு செமஸ்டரில், குரோமடோகிராபி வேறொரு செமஸ்டரில். சீனியர் ரெகார்டைப் பார்த்து எழுதினாலும் மார்க் வந்துவிடும் (எழுதாதவர்கள் கை தூக்கவும்!). மாதிரி காத்திருந்தால் என்ன ஆகும் என்று யாரும் கண்ணால் பார்ப்பதே இல்லை.

லட்சக்கணக்கில் விலையுள்ள எச்.பி.எல்.சி. வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கீரையை அரைத்து அசிட்டோனில் சாறு இறக்கி, அன்றைக்கே பேப்பரில் ஓட்டுவோம். மறுநாள்வரை வெளிச்சத்தில் வைத்த சாற்றையும் பக்கத்தில் ஓட்டிப் பார்ப்போம். பச்சை மங்கிப் பழுப்பேறியிருப்பது தெரியும். இதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். இரண்டு லேப் பீரியடைச் சேர்த்து ஒரே மதியத்தில் கொடுத்தால் போதும்.